பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம்

தேவர் பிலிம்ஸ் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'சாண்டோ' என்ற சொல் பழக்கமானது. சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் அது நிற்கும். அவருக்கும் முன்னால், மௌனப்படக் காலத்திலேயே, புதுக்கோட்டை நாகலிங்கம் ராஜா சாண்டோ ஆகியிருந்தார். கர்லாக்கட்டை சுற்றி உடம்பு வளர்த்தவர்களுக்கு நம் ஊரில் அது ஒரு பட்டம். அந்தப் பட்டத்துக்குள் இருந்த ஆள் யார் என்று கேட்டால், பதில் சொல்ல ஆளில்லை.

யூஜன் சாண்டோ 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க்கில் பிறந்த பலசாலி. 1893இல், சிகாகோ உலகக் கண்காட்சி நடந்த சமயம், காட்சி நடத்துநர் ஃப்ளோரன்ஸ் சீக்ஃபெல்ட் அவரை அந்த ஊர் மேடையில் நிறுத்திக் காசு பார்த்தார். 1894 மார்ச்சில் எடிசனின் நியூ ஜெர்சி ஸ்டுடியோவில் கேமரா முன் நின்று, புஜத்தையும் மார்பையும் ஒவ்வொன்றாக முறுக்கிக் காட்டினார். ஒரு நிமிடம்கூட ஓடாத படம். பெட்டியின் துளையில் கண் வைத்து ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்க்க வேண்டும். சினிமா தன் முதல் காலடியை எடுத்து வைத்தபோது அதற்கு ஆள் கொடுத்தது நாடகமும் இலக்கியமும் அல்ல, வாட்வில் மேடை. அந்த மேடையிலிருந்து வந்தவர்களில் சாப்ளினும் கீட்டனும் மட்டும் நமக்குத் தெரிகிறார்கள். மற்றவர்களுக்குத் திறமை போதவில்லை என்று முடிவுகட்டிவிடுவது சுலபம். மறதிக்குள் போனவர்களின் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு காரணங்கள் தெரிகின்றன.

பதினைந்து நிமிடம்

வாட்வில் என்பது பல்சுவைக் கதம்பம். ஒரு காட்சியில் எட்டு அல்லது ஒன்பது ஐட்டங்கள். முதலில் பேச்சே இல்லாத ஐட்டம்: நாய் வித்தை, கழைக்கூத்து மாதிரி ஏதாவது. ஜனங்கள் நாற்காலி தேடிக்கொண்டிருக்கும் சத்தத்தில் வசனம் காதில் விழாது என்பது கணக்கு. நட்சத்திரத்துக்குக் கடைசிக்கு முந்தைய இடம். கடைசி ஐட்டத்தின் வேலை, எழுந்து போகிறவர்களின் முதுகைப் பார்த்து ஆடுவது. அதை அந்தத் தொழில்காரர்கள் 'ஹேர்கட்டுகளுக்கு ஆடுவது' என்பார்கள். பாஸ்டனில் பி. எஃப். கீத் 1880களில் குடும்பத்தோடு பார்க்கத் தக்கதாக இதைச் சுத்தப்படுத்தி, அரங்குகளைச் சங்கிலியாகக் கோத்தார். 1913இல் திறந்த நியூயார்க் பேலஸ் தியேட்டரில் ஏறினால் பிறவிப் பயன். அந்த பேலஸே 1932இல் வாட்வில்லை நிறுத்திவிட்டுப் படம் ஓட்டத் தொடங்கியது.

இந்த முறையில் ஒரு கலைஞனுக்குத் தேவை பதினைந்து நிமிடச் சரக்கு மட்டுமே. ஊர் மாறுவதால் அதே சரக்கை வருடக்கணக்கில் விற்கலாம். ஒரு இருமல், ஒரு நிறுத்தம், தொப்பியைக் கழற்றும் விதம் எல்லாம் ஆயிரம் தடவை செய்து இழைத்தவை. சினிமாவும் ரேடியோவும் அதே சரக்கை ஒரே ராத்திரியில் நாடு முழுவதும் கொட்டிக் காலி செய்துவிட்டன. அதன் பிறகு அந்த ஆளிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

ஈவா டாங்குவே உச்சத்தில் வாரத்துக்கு 3,500 டாலர் வாங்கியவர். லிங்கன் தலை போட்ட செப்புக்காசு 1909இல் வெளிவந்ததும், அந்தக் காசுகளையே கோத்து உடை தைத்துப் போட்டுக்கொண்டு மேடையேறினார். அவருக்குக் குரலும் சுமார், நடனமும் சுமார். ஆனால் உடம்பில் மின்சாரம் பாய்ந்ததுபோல் மேடையை அதிர வைத்தார் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த மின்சாரத்தை எதில் பிடித்து வைப்பது? 1922இல் பதிவான ஓர் இசைத்தட்டு இருக்கிறது. கேட்டால் ஒரு சாதாரணப் பாடகிதான் தெரிகிறார். 1929 பங்குச் சந்தை சரிவில் சொத்தை இழந்து, கண்பார்வையும் மங்கி, 1947இல் ஹாலிவுட்டில் இறந்தார். பிரதி எடுக்க முடியாத கலை, பார்த்தவர்களோடு சேர்ந்தே சாகும்.

எரிந்த சுருள்கள்

படத்தில் பதிந்தால் தப்பிவிடலாம் என்று நினைத்தவர்களும் ஏமாந்தார்கள். ஜான் பன்னி மேடை அனுபவத்தோடு 1910இல் வைட்டாகிராஃப் கம்பெனியில் சேர்ந்த குண்டு மனிதர். எடை கிட்டத்தட்ட 300 பவுண்டு. அவருக்கு ஜோடி ஒல்லிக்குச்சி ஃப்ளோரா ஃபின்ச். 1912இல் வந்த 'எ க்யூர் ஃபார் போக்கரைட்டிஸ்' படத்தில், சீட்டாட்டத்தை விட்டுவிட்டதாகப் பெண்டாட்டியிடம் சத்தியம் செய்த பன்னி, சங்கக் கூட்டம் என்று பொய் சொல்லி ஆடப் போகிறார். தூக்கத்தில் உளறி மாட்டிக்கொள்கிறார். பெண்டாட்டி ஏற்பாடு செய்த பைபிள் வகுப்புப் பையன்கள் போலீஸ் வேஷத்தில் வந்து மிரட்டுகிறார்கள். இன்று பார்த்தால் வெடித்துச் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த முகத்தில் திருட்டுத்தனம் ஊறிவரும் விதம் மட்டும் பழசாகவில்லை. 1915இல் பன்னி இறந்தபோது அவர் உலகப் புகழ் பெற்ற நகைச்சுவை நடிகர். சாப்ளின் படத்துக்கு வந்து அப்போது ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. பன்னி நடித்த நூற்றைம்பதுக்கு மேற்பட்ட குறும்படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை.

நைட்ரேட் படச்சுருள் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. பேசும்படம் வந்தபின் மௌனப்படத்துக்கு விலையும் இல்லை. வைத்திருந்தால் இடத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் செலவு, உருக்கினால் கொஞ்சம் வெள்ளி. 1937 ஜூலையில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரியில் ஃபாக்ஸ் கம்பெனியின் கிட்டங்கி எரிந்தது. எஜுகேஷனல் பிக்சர்ஸ் படங்களும் அதில் போயின. அந்தக் கம்பெனியின் பெரிய நட்சத்திரமான லாயிட் ஹாமில்டனை இன்று முழுதாக மதிப்பிட வழியில்லாமல் போனதற்கு இப்படிப்பட்ட இழப்புகளே காரணம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை வெளியான 10,919 அமெரிக்க முழுநீள மௌனப்படங்களில் மூல வடிவில் முழுமையாகக் கிடைப்பவை 14 விழுக்காடு. நாம் பொற்காலம் என்று பேசுவதெல்லாம் இந்த மிச்சத்தை வைத்துத்தான்.

குரல் இல்லாதவர்

ரேமண்ட் கிரிஃபித்துக்குச் சிறுவயதிலேயே குரல் கெட்டுவிட்டது. கரகரப்பான கிசுகிசுப்புக்கு மேல் எழும்பாது. மௌனப்படம் அவருக்கென்றே வந்ததுபோல் இருந்தது. பட்டுத் தொப்பி, கறுப்பு மேலங்கி, ஆபத்தின் நடுவிலும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல ஒரு நிதானம். 'ஹேண்ட்ஸ் அப்!' (1926) அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய நகைச்சுவை. ஒற்றனாகப் பிடிபட்ட கிரிஃபித்தைச் சுவரோரம் நிறுத்திச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்குகிறார்கள். அவர் ஒரு பீங்கான் தட்டை எடுத்து வானத்தில் வீசுகிறார். குறிபார்த்துப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? தட்டைச் சுட்டு நொறுக்குகின்றன. அடுத்த தட்டு. அடுத்தது. அவர் முகத்தில் பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை; ஏதோ உபசாரம் செய்கிறவரின் கவனம்தான். அதே போரைப் பின்னணியாக வைத்துக் கீட்டன் எடுத்த 'தி ஜெனரல்' இன்று பாடப்புத்தகம். கிரிஃபித்தின் படம் அகப்படுவதே கஷ்டம்.

பேசும்படம் வந்தது, கிரிஃபித் நடிப்பை விட்டார். கடைசி வேடம் 1930இன் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' படத்தில். குண்டுக்குழிக்குள் ஜெர்மன் சிப்பாயால் குத்துப்பட்டு மெல்லச் செத்துப்போகும் பிரெஞ்சுக்காரன். குத்தியவன் மன்னிப்புக் கேட்டுக் கதறுகிறான். குத்துப்பட்டவனுக்கு ஒரு சொல்கூட இல்லை. திறந்த கண்களோடு ஒரு முகம், அவ்வளவுதான். படம் பார்த்த பலருக்கு அது ஒரு நகைச்சுவை நாயகனின் முகம் என்பது தெரியாது. அதன்பின் அவர் தயாரிப்பு வேலைக்குப் போய்விட்டார்.

பட்டியல்

1949 செப்டம்பரில் 'லைஃப்' இதழில் ஜேம்ஸ் ஏஜீ எழுதிய நீண்ட கட்டுரை மௌன நகைச்சுவைக்கு மறுவாழ்வு கொடுத்தது. கூடவே ஒரு பட்டியலையும் கொடுத்தது: சாப்ளின், கீட்டன், ஹெரால்ட் லாயிட், லாங்டன். மற்றவர்கள் போகிறபோக்கில் வந்து போனார்கள். அதற்குப்பின் திரையிடலும் புத்தகங்களும் அந்த நால்வர் வழியிலேயே நடந்தன. 1975இல் வால்டர் கெர் தன் 'தி சைலன்ட் க்ளௌன்ஸ்' நூலில் கிரிஃபித்துக்காகத் தனியே வாதாட வேண்டியிருந்தது. நன்றியோடு போடப்பட்ட பட்டியலும் கதவைச் சாத்தும்.

அந்தப் பட்டியலில் பெண் யாருமில்லை. 1914இல் கீஸ்டோன் கம்பெனியில் நடித்துக்கொண்டே படங்களை இயக்கியவர் மேபல் நார்மண்ட். 'மேபல் அட் தி வீல்' படத்தில் அவர் சொல்லித் தான் நடிப்பதா என்று முரண்டு பிடித்ததைச் சாப்ளினே சுயசரிதையில் சொல்கிறார். 37 வயதில் காசநோயில் இறந்த மேபலைப் பற்றி எழுதுகிறவர்கள் இயக்குநர் மேபலைவிட அவரைச் சுற்றிய வதந்திகளுக்கே அதிகப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ராஸ்கோ ஆர்பக்கிளுக்கும் இதே கதி. ஒரு நடிகையின் மரணத்துக்காக அவர்மேல் நடந்த வழக்கில், 1922 ஏப்ரல் 12இல் மூன்றாவது ஜூரி அவரை விடுதலை செய்து, எழுத்தில் வருத்தமும் தெரிவித்தது. ஆறே நாளில் திரைத்துறை அவர் படங்களைத் தடை செய்தது. பிறகு வில்லியம் குட்ரிச் என்ற பெயரில் ஒளிந்துகொண்டு இயக்கினார். வழக்கு ஞாபகம் இருக்கிறது, கீட்டனை முதன்முதலில் கேமரா முன் நிறுத்திய கலைஞன் ஞாபகம் இல்லை.

கறுப்பின் மேல் கறுப்பு

இந்த வரிசையில் எனக்கு மிகப் பெரியவராகத் தெரிபவர் பெர்ட் வில்லியம்ஸ். பஹாமாஸில் 1874இல் பிறந்த கறுப்பர். வெள்ளைக்காரர்கள் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்த மேடையில், இவரும் தன் சொந்தத் தோலின்மேல் கரி பூசிக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. 1910இல் சீக்ஃபெல்டின் 'ஃபாலீஸ்' மேடைக்காட்சியில் வெள்ளை நட்சத்திரங்களுக்குச் சமமாக இடம் பெற்றார். அவருடைய சீட்டாட்ட ஐட்டத்தை 1916இன் 'எ நாச்சுரல் பார்ன் கேம்ப்ளர்' படத்தின் முடிவில் பார்க்கலாம். சிறை அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கையில் சீட்டு இல்லை, எதிரே ஆள் இல்லை. இல்லாத சீட்டைக் கலைக்கிறார், பிரிக்கிறார், ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்க்கிறார். கண்ணில் நம்பிக்கை ஏறுகிறது, அதை மறைக்கப் பார்க்கிறார், பந்தயம் ஏறுகிறது. கடைசியில் தோற்கிறார். தனக்குத்தானே விளையாடிய ஆட்டத்திலும் தோற்கிற மனிதன்.

1913இல் பயோகிராஃப் கம்பெனி அவரை வைத்து ஒரு படம் எடுத்துப் பாதியில் கைவிட்டது. தலைப்பு அட்டைகூட இல்லாத அந்தச் சுருள்கள் 1939இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்த பழைய நெகட்டிவ்களோடு வந்து, பெட்டியில் கிடந்தன. எடுத்து 101 வருடம் கழித்து, 2014இல், 'லைம் கில்ன் ஃபீல்ட் டே' என்று அடையாளம் கண்டு காட்டினார்கள். அதில் கரி பூசியிருப்பவர் வில்லியம்ஸ் மட்டும். மற்றக் கறுப்பு நடிகர்கள் தங்கள் முகத்தோடு சிரிக்கிறார்கள், ஆடுகிறார்கள். கதாநாயகனும் நாயகியும் கேலியில்லாமல் முத்தமிடுகிறார்கள். காட்சிகளுக்கு நடுவே கேமரா ஓடிக்கொண்டிருக்க, நடிகர்கள் அடுத்த டேக்குக்குத் தயாராவதும் பதிவாகியிருக்கிறது. வெட்டி முடித்து வெளியிட்டிருந்தால் அந்தத் துண்டுகள் குப்பைக்குப் போயிருக்கும்.

மீட்பு என்னும் குருட்டு அதிர்ஷ்டம்

தப்பியவர்கள் தப்பிய விதம் பெரும்பாலும் இப்படித்தான். முட்டையிலிருந்து குட்டிக் கார்கள் பொரிந்து வருவதைப் பொம்மை அசைவுப் படமாக எடுத்த சார்லி பவர்ஸை அமெரிக்கா மறந்தேவிட்டது. ஊர் ஊராகப் படம் காட்டிப் பிழைத்தவர்களிடம், அவருடைய பிரெஞ்சுப் பெயரான 'பிரிகோலோ' என்று மட்டும் எழுதியிருந்த டப்பாக்களை 1960களில் பிரான்சின் துலூஸ் ஆவணக் காப்பகத்து ரேமண்ட் போர்ட் வாங்கியதால் அவர் திரும்பி வந்தார். தண்ணீரையும் மண்ணெண்ணெயையும் குடித்து, முதலில் எண்ணெயைத் துப்பித் தீ வளர்த்து, பிறகு தண்ணீரைத் துப்பி அணைக்கும் ஹாஜி அலியின் வித்தை, லாரல்–ஹார்டி படமொன்றின் 1931 ஸ்பானிய வடிவத்தில் இருக்கிறது. ஆங்கில வடிவத்தில் இல்லை. ஒலியைத் தனித் தட்டில் பதித்த வைட்டாஃபோன் குறும்படங்களில் படம் ஒரு மூலையிலும் ஒலித்தட்டு இன்னொரு மூலையிலும் கிடந்தன. 1991 முதல் சில ஆர்வலர்கள் தட்டைத் தேடிப் படத்தோடு சேர்த்து வைக்கிறார்கள். அப்படிப்பட்ட 1928 குறும்படமொன்றில் ஷா, லீ என்ற இருவர் கம்பம்போல் விறைத்து நின்று, உணர்ச்சியே காட்டாமல் அபத்தப் பாட்டுப் பாடுகிறார்கள். வாட்வில் மேடை எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் பத்து நிமிடத்தைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

நியூயார்க் 42ஆம் தெருவில் 1912இல் ஒரு தியேட்டர் கட்டி, ஜூலியன் எல்டிஞ்ச் பெயரை அதற்கு வைத்தார்கள். எல்டிஞ்ச் நம் நாடக மொழியில் ஸ்திரீபார்ட். பெண்களே அவர் உடையழகைப் பார்த்துப் பொறாமைப்பட்ட காலம். கடைசி நாட்களில் லாஸ் ஏஞ்சலஸில் பெண் உடை போட்டு ஆடப் போலீஸ் அனுமதி கிடைக்காமல், தன் பழைய உடைகளை மேடையில் தொங்கவிட்டு, பக்கத்தில் கோட்டு சூட்டோடு நின்று பேசினார். 1941இல் இறந்தார். தியேட்டருக்கும் பின்னால் எம்பயர் என்று பெயர் மாறிவிட்டது. 1998இல் அந்தக் கட்டடத்தை அப்படியே பெயர்த்துத் தண்டவாளத்தில் 170 அடி நகர்த்தினார்கள். அங்கே ஒரு காலத்தில் ஆடிய நகைச்சுவை ஜோடி அபட், காஸ்டெல்லோ இருவரின் ராட்சத பலூன் உருவங்களை முன்னால் கட்டி, அவர்களே கட்டடத்தை இழுத்துப்போவதுபோல் காட்டினார்கள். தெருவில் கூட்டம் கைதட்டியது. யாருக்காகக் கட்டினார்களோ அவருக்கு ஒரு பலூன்கூட இல்லை.