கண்ணுக்குக் கண்! எவர் கண்ணுக்கு?

பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்திலே, ஏழடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது ஒரு கருங்கல். உச்சியிலே கதிரவக் கடவுள் ஷமாஷ் வீற்றிருக்கிறான். எதிரே பணிந்து நிற்கிறான் பாபிலோன் வேந்தன் ஹமுராபி. கீழே, வரிவரியாக ஆப்பெழுத்திலே சட்டங்கள். கி.மு. 18ஆம் நூற்றாண்டிலே பொறிக்கப்பட்ட அந்தக் கல்லை ஈலாம் நாட்டார் கொள்ளைப் பொருளாகச் சூசா நகருக்குக் கொண்டு சென்றனர். 1901-02இல் அங்கே அகழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் அதனை மீட்டெடுத்தனர்.

வகுப்பறையிலே வரலாறு கற்பிக்கும் நாம், இச்சட்டத்தைப் பற்றி இரண்டே தொடர்களைச் சொல்லி மாணவரை அனுப்பிவிடுகிறோம். 'உலகின் முதற் சட்டம்' என்பது ஒன்று. 'கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்' என்பது மற்றொன்று. முன்னது பிழை, பின்னது பாதி உண்மை.

மீதிப் பாதி எங்கே? ஆய்வாளர் எண்ணிட்ட 282 விதிகளுக்குள்ளே இருக்கிறது! மேற்குடி மகனின் கண்ணை மற்றொரு மேற்குடி மகன் கெடுத்தால், கெடுத்தவன் கண் பறிக்கப்படும். பொதுமகனின் கண்ணைக் கெடுத்தாலோ, ஒரு மினா வெள்ளி போதும். அடிமையின் கண்ணுக்கு? அவன் விலையிலே பாதி! அங்கே சட்டம் பேசுவது வலியைப் பற்றியன்று, விலையைப் பற்றி. கண் ஒன்றுதான், காட்சி ஒன்றுதான். கணக்கு மட்டும் மூன்று!

இன்னொரு விதியைக் காண்போம். கொத்தன் கட்டிய வீடு இடிந்து, வீட்டுக்காரனின் மகன் மாண்டால், கொத்தனின் மகன் கொல்லப்படவேண்டும். கல் அடுக்காத பிள்ளை, சுண்ணம் குழைக்காத பிள்ளை, என்ன குற்றம் செய்தான்? தந்தையின் உடைமையாகப் பிள்ளையைக் கருதிய காலத்தின் நீதி அது.

குறை மட்டுமே கூறினால் நாமும் நடுநிலை தவறியவராவோம். முத்திரையிட்ட தீர்ப்பைப் பின்னர் மாற்றிய நடுவன், வழக்குத் தொகையைப்போல் பன்னிரு மடங்கு செலுத்தவேண்டும், இருக்கையையும் இழக்கவேண்டும். கொலைப்பழி சுமத்தி மெய்ப்பிக்கத் தவறியவனுக்குச் சாவுத் தண்டனை. அநீதிக்கு ஆளானவன் இக்கல்லின் முன் வந்து, தன் வழக்குக்குரிய விதியைப் படிக்கக் கேட்கலாம் என்கிறது முடிவுரை. ஆள்வோன் மனத்திலே மறைந்திருந்த நீதியை ஊரறியக் கல்லிலே நிறுத்தியது அருஞ்செயலே. ஆனால், அதே சட்டந்தான் சூனியக் குற்றம் சாட்டப்பட்டவனை ஆற்றிலே குதிக்கச் சொல்கிறது. மூழ்கினால் குற்றவாளி; பிழைத்தால் நிரபராதி! சான்று தேடவேண்டிய இடத்திலே சுழலைத் தேடியது சட்டம்.

கடவுள் அளித்த சட்டமாயிற்றே, குறை கூறலாமா என்பாரும் உளர். அவருக்கு மன்னனே விடை தருகிறான். தான் நிலைநாட்டிய தீர்ப்புகள் என்றுதான் முடிவுரையிலே பெருமை பேசுகிறான். மேலும், அவனுக்கு முந்நூறு ஆண்டு முன்னரே, ஊர் என்னும் நகரின் வேந்தன் ஊர்-நம்முவின் பெயரால் வழங்கும் சட்டம், கண்ணைக் கெடுத்தவனிடம் அரை மினா வெள்ளியே கேட்டது. அதே ஆற்றங்கரை நாகரிகம், அதே கதிரவன். கண்ணுக்கு வெள்ளி என்றது பிறகு கண்ணுக்குக் கண் என மாறியது எப்படி? மாற்றியவர் மனிதர்! மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வலியோர் எளியோரை வருத்தாதிருக்கவே வந்தேன் என்று முழங்குகிறது ஹமுராபியின் முன்னுரை. கடைசி விதியோ, 'நீ என் ஆண்டையல்லன்' என்று மறுத்த அடிமையின் காதை அறுக்கச் சொல்கிறது! முன்னுரையிலே எளியவனுக்கு வாக்குறுதி. முடிவிலே எளியவன் காதுக்குக் கத்தி.

தோழர்களே! எந்த நாட்டின் எந்தச் சட்டத்தை எடுத்தாலும், முன்னுரையின் இனிமையிலே மயங்கி நின்றுவிடாதீர். கடைசி விதி வரை படியுங்கள். அங்கே அடித்தட்டில் நிற்பவனுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் அந்தச் சட்டத்தின் நீதி.