மூடி வளையத்தில் ஒரு பின்னம்

விலையுயர்ந்த மைப்பேனாக்களில் 'லிமிடெட் எடிஷன்' எனப்படும் வகையின் மூடி வளையத்திலோ உடற்பகுதியிலோ பெரும்பாலும் ஒரு பின்னம் பொறிக்கப்பட்டிருக்கும். கோட்டுக்கு மேலுள்ள எண் அந்தப் பேனாவின் வரிசையையும், கீழுள்ள எண் அந்தப் பதிப்பில் மொத்தம் எத்தனை பேனாக்கள் செய்யப்பட்டன என்பதையும் குறிக்கும். விற்பவர் முதலில் சொல்வதும் வாங்குபவர் முதலில் கேட்பதும் கீழுள்ள எண்ணைத்தான். ஆயினும் அந்த எண் ஏன் அந்த அளவில் நின்றது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் இருக்கக்கூடும்: மூலப்பொருள் அவ்வளவுதான் கிடைத்தது என்பது ஒன்று, செய்பவரின் கையும் காலமும் அதற்குமேல் இடங்கொடுக்கவில்லை என்பது இரண்டு, அவ்வளவு போதும் என நிறுவனம் தீர்மானித்தது என்பது மூன்று. பேனா சேகரிப்பில் ரசனை என்று சொல்லத்தக்கது இம்மூன்றையும் பிரித்தறிவதில்தான் தொடங்குகிறது.

மைப்பேனா அலுவலகத்திலும் பள்ளியிலும் அன்றாடக் கருவியாக இருந்தவரை இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பால்பாயின்ட் பேனா மலிந்து, எழுதும் வேலையை அது எடுத்துக்கொண்ட பிறகுதான், மைப்பேனா தன் இருப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று. அந்தத் தேடலின் தொடக்ககால விளைவுகளுள் ஒன்று, அமெரிக்காவின் பார்க்கர் நிறுவனம் 1965-இல் வெளியிட்ட 'ஸ்பானிஷ் ட்ரெஷர்' பேனா. ஃப்ளோரிடா கடற்கரையருகே 1715-இல் புயலில் மூழ்கிய ஸ்பானியக் கப்பல் தொகுதியிலிருந்து மீட்கப்பட்ட வெள்ளியைக் கொண்டு, தன் 'பார்க்கர் 75' வடிவத்தில் அந்நிறுவனம் 4,821 பேனாக்களைச் செய்தது. கடலடியிலிருந்து மீண்ட வெள்ளிக்கு ஓர் அளவு உண்டு என்பதால், அந்தப் பதிப்பின் வரம்பு பொருளோடு பிறந்தது. ஆனால் வெள்ளியின் வரலாற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அது நன்றாகச் செய்யப்பட்ட, கட்டமிட்ட வேலைப்பாடுடைய ஒரு பார்க்கர் 75 மட்டுமே.

மூன்றாம் வகை வரம்புக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த மோன்ப்ளான் நிறுவனம் சிறந்த எடுத்துக்காட்டாகும். பதினைந்தாம் நூற்றாண்டில் ஃப்ளோரன்ஸ் நகரை ஆண்டு, கலைஞர்களைப் புரந்த லொரென்ஸோ தெ மெதிசியின் பெயரில் அந்நிறுவனம் 1992-இல் வெளியிட்ட பேனா, கலைப் புரவலர் வரிசையின் முதல் பதிப்பாக அமைந்தது. எண்பட்டையான கருநிற உடலின்மேல் வேலைப்பாடு செதுக்கிய வெள்ளி உறையுடன் 4,810 பேனாக்கள் செய்யப்பட்டன. 4810 என்பது மோன்ப்ளான் மலையுச்சியின் உயரத்தை மீட்டரில் குறிக்கும் எண். நிறுவனத்தின் நிப்புகளில் நெடுங்காலமாகப் பொறிக்கப்பட்டு வருவது. ஆக, இங்கே எண் ஓர் அடையாளச் சின்னமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே தவிர, வெள்ளியின் இருப்போ செதுக்குபவரின் உழைப்போ அதை விதிக்கவில்லை. அதனால் அந்தப் பேனாவின் தகுதி குறைந்துவிடாது என்பதும் உண்மையே. ஒளி படும் கோணத்துக்கேற்ப பட்டைக்குப் பட்டை மாறும் வெள்ளியின் மினுக்கம், எண்ணைப் பற்றி ஒன்றும் அறியாதவரையும் நின்று பார்க்க வைப்பதாகும்.

அதே 1992-இல் எழுத்தாளர் வரிசையின் முதற்பேனாவாக வந்த ஹெமிங்வே பேனா இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. இருபதாயிரம் என்ற எண்ணிக்கையை அரிது என்று சொல்ல இயலாது. எனினும் போருக்கு முந்தைய தன் பழைய பேனாக்களைத் தழுவி, பவழநிறமும் அடர்பழுப்பும் சேர அந்நிறுவனம் அமைத்த அந்தப் பருத்த வடிவம், பின்னர் வந்த எத்தனையோ சிறு பதிப்புகளைவிட அதிகமாகத் தேடப்படுகிறது. 1996-இல் வந்த அலெக்சாந்தர் டூமா பேனாவின் கதை இன்னும் வேடிக்கையானது: தந்தையும் மகனும் ஒரே பெயருடைய எழுத்தாளர்கள் என்பதால், தந்தையின் நினைவாக வெளியிடப்பட்ட பேனாவின் முதற்பகுதி மகனின் கையொப்பத்தோடு வெளிவந்துவிட, பிழை திருத்தப்பட்ட பின் அந்தப் பிழையே சேகரிப்பாளர்களின் தனி நாட்டத்துக்குரியதாயிற்று. சந்தை எதற்கு மதிப்புத் தரும் என்பதை எண்ணைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இவ்விரண்டு பேனாக்களும் சான்றாகும்.

இரண்டாம் வகை வரம்பை, அதாவது கையும் காலமும் விதிக்கும் வரம்பை, முழுமையாகக் காண வேண்டுமானால் ஜப்பானின் மாகி-எ பேனாக்களிடம்தான் செல்ல வேண்டும். வணிகக் கப்பல் பள்ளியில் ஆசிரியராயிருந்த ரியோசுகே நமிகி, 1918-இல் தோக்கியோவில் நிறுவிய பேனா நிறுவனமே பிற்காலத்தில் 'பைலட்' என உலகறிந்தது. அக்காலப் பேனாக்களின் உடல் எபோனைட்டால், அதாவது ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய பொருளால், செய்யப்பட்டது. கடைசலுக்கு மிக இசைவான அந்தப் பொருள், வெயிலும் ஈரமும் படப்படக் கருமை மங்கிப் பழுப்பேறும் குறையுடையது. அந்தக் குறையை நீக்க, உருஷி மரத்தின் பாலை மேற்பூச்சாக ஏற்றும் முறையை நமிகி நிறுவனம் 1920-களின் நடுப்பகுதியில் கைக்கொண்டது. நிறம் மங்காமல் காப்பதற்கென ஏற்பட்ட பூச்சின்மேல், பல நூற்றாண்டுகளாகப் பெட்டிகளிலும் கிண்ணங்களிலும் பயின்று வந்த மாகி-எ என்னும் பொற்பொடி ஓவியம் ஏறியபோது, தொழிற்சாலைப் பொருள் கலைப்பொருளாயிற்று. அந்த மாற்றத்துக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர், பின்னாளில் ஜப்பானிய அரசால் 'வாழும் தேசியச் செல்வம்' எனச் சிறப்பிக்கப்பட்ட கொன்ரோகு மட்சுதா. 1930-இல் லண்டனின் ஆல்ஃபிரட் டன்ஹில் நிறுவனத்தோடு ஏற்பட்ட உடன்பாடு 'டன்ஹில்-நமிகி' என்ற இரட்டைப் பெயருடன் இந்தப் பேனாக்களை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றது; 1931-இல் மட்சுதாவின் தலைமையில் அமைந்த கொக்கோகாய் என்னும் கலைஞர் குழு இன்றும் நமிகி பேனாக்களைத் தீட்டி வருகிறது.

உருஷியைத் தமிழர் அறிந்த அரக்கோடு ஒன்றாகக் கருதுவது பொருந்தாது. அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின், உருஷியோ கீறிய மரத்திலிருந்து வடியும் பால். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த ஒரு மரம் ஒரு பருவத்தில் ஏறக்குறைய 200 கிராம் பாலைத்தான் தரும். ஜப்பானில் வழங்கும் முறைப்படி அந்தப் பருவத்தோடு மரம் வெட்டப்படுகிறது. இந்தப் பால் காய்வதும் வியப்புக்குரியது. மற்ற வண்ணங்கள் உலர்ந்த காற்றில் காய, இதுவோ ஈரமான காற்றில்தான் இறுகும். பாலிலுள்ள ஒரு நொதி, ஈரப்பதமும் மிதமான வெப்பமும் உள்ள இடத்தில் காற்றின் ஆக்சிஜனைச் சேர்த்து அதைக் கெட்டிப்படுத்துகிறது. எனவே ஒவ்வொரு மெல்லிய பூச்சுக்குப் பின்னும் பேனாவின் உடல் ஈரப் பெட்டியில் வைக்கப்பட்டு, இறுகியபின் தேய்க்கப்பட்டு, மறுபூச்சுக்கு வருகிறது. இந்தக் காத்திருப்பை விரைவுபடுத்த வழியில்லை. சிறந்த பேனாவொன்று முடியப் பல மாதங்கள் ஆவது இதனால்தான்.

மாகி-எ ஓவியத்தில் மூன்று அடிப்படை முறைகள் உண்டு. உருஷியால் மெல்லிய தூரிகைகொண்டு உருவத்தை வரைந்து, அது இறுகுமுன் சிறு குழலின் வழியே பொற்பொடியைத் தூவி, மேலே மெல்லிய பூச்சிட்டு மெருகேற்றுவது ஹிரா எனப்படும் தட்டையான முறை. உருவத்துக்கு அடியில் உருஷியும் கரிப்பொடியும் கொண்டு மேடு எழுப்பி, அதன்மேல் பொன் தூவுவது தாகா எனப்படும் புடைப்பு முறை. இவ்வகையில் தீட்டிய மீனின் செதிலையோ டிராகனின் முதுகையோ கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே அறியலாம். மூன்றாவதான தோகிதாஷி முறையில், தூவிய பொன் முழுவதும் மறையும்படி கறுப்பு உருஷி பூசப்பட்டு, அது இறுகியபின் பொன் மீண்டும் வெளித்தெரியும் வரை மரக்கரியால் தேய்க்கப்படும். சற்றுக் குறைவாகத் தேய்த்தால் ஓவியம் மங்கலாக நிற்கும். சற்று மிகுதியாகத் தேய்த்தால் பொன்னே போய்விடும். சரியாக அமைந்த தோகிதாஷியில் ஓவியமும் பின்னணியும் ஒரே தளத்தில் இருப்பதால் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மட்டும், உருவத்தின் ஓரத்தில் கோடு இல்லை என்பதும், பொற்பொடியின் மணிகள் நெருக்கம் குறைந்து குறைந்து கருமைக்குள் கரைகின்றன என்பதும் புலப்படும்.

பேனாவின் வடிவம் ஓவியருக்குக் கூடுதலான இரண்டு சிக்கல்களைத் தருகிறது. உருளையின் பரப்பு என்பதால் ஓவியம் முழுவதையும் ஒரே பார்வையில் காண முடியாது. உருட்ட உருட்ட விரியும் கதையாக அதை அமைக்க வேண்டும். மேலும் மூடியிலிருந்து உடலுக்குத் தொடரும் ஓவியமானால், பேனாவைத் திருகி மூடும்போது கொக்கின் கழுத்தும் உடலும் கூடும் இடத்தில் பிசிறின்றிப் பொருந்த வேண்டும். திருகுமரை பல தொடக்கங்கள் உடையதாக இருந்தால் மூடி பல நிலைகளில் பொருந்தும் என்பதால், மரையைக் கடையும்போதே ஓவியத்தைக் கருத்தில் கொண்டாக வேண்டும். மாகி-எ பேனாவைத் தேர்பவர் அந்தச் சேர்க்கையைத்தான் முதலில் பார்ப்பார், ஏனெனில் கடைசல்காரரின் கையும் ஓவியரின் கையும் ஒத்துழைத்தனவா என்பதை அந்த ஒரு கோடே சொல்லிவிடும்.

உடலின் அழகு எத்துணை உயர்ந்ததாயினும், நிப்பு எழுதாவிட்டால் அது பேனா ஆகாது. 14 அல்லது 18 காரட் பொன்னால் செய்த நிப்பின் நுனியில் தேய்மானத்தைத் தாங்கும் கடின உலோகக் கலவையின் சிறு மணி ஒட்டப்பட்டு, நடுவே பிளக்கப்பட்டு, எழுதும் பதத்துக்குத் தீட்டப்படுகிறது. நிப்புக்கு அடியிலுள்ள கட்டை, நுண்ணிய காடிகளின் வழியே மையை முன்னே விட்டுக் காற்றைப் பின்னே அனுப்பி ஒழுக்கைச் சீராக்குகிறது. லிமிடெட் எடிஷன்களில் பல, தம் நிறுவனத்தின் வழக்கமான நிப்பையே புதிய செதுக்கலோடு தாங்கி வருகின்றன என்பதும், விலையின் பெரும்பகுதி உடலுக்குத்தான் போகிறது என்பதும் சேகரிப்பவர் அறிந்திருக்க வேண்டிய உண்மை. இதற்கு விலக்காக, ஜப்பானின் செய்லர் நிறுவனத்தில் நொபுயோஷி நாகஹாரா தீட்டிய நாகினாதா நிப்புகள் நிப்பையே கலைப்பொருளாக்கின: நுனிமணி நீளமாக வைத்துத் தீட்டப்பட்டதால், பேனாவைச் சாய்த்தால் கோடு தடித்தும் நிமிர்த்தினால் மெலிந்தும் விழும். ஜப்பானிய எழுத்துக்கென அமைந்த மெல்லிய நிப்புகள் தமிழுக்கும் இசைபவையே. இ, ஞ, ணை முதலிய எழுத்துகளின் சிறு சுழிகள், தடித்த ஐரோப்பிய நிப்பில் மை நிறைந்து அடைபடுவதுபோல் இவற்றில் அடைபடுவதில்லை.

சேகரிப்பாளரிடையே மை படாத பேனாவுக்கே உயர்ந்த விலை என்ற வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இதில் முரண் ஒன்று உண்டு. பூட்டி வைத்த பேனாவின் ரப்பர் வளையங்களும் தக்கைகளும் ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்து இறுகுகின்றன. பயன்படுத்திவிட்டுக் கழுவாமல் வைத்ததில் மை உறைந்து வழியை அடைக்கிறது. கண்ணாடிப் பேழையில் வெயில் பட வைத்ததில் எபோனைட்டும் உருஷியும் கெடுகின்றன. நமிகியின் 'எம்பரர்' போன்ற பெரிய பேனாக்களில் மை ஃபில்லரால் நேரே உடற்குள் ஊற்றப்படுகிறது. பின்முனைக் குமிழைத் திருகித் திறந்தால்தான் மை நிப்புக்கு இறங்கும் என்பதால், அடைப்பானைப் பழுதின்றி வைத்திருப்பதும் உடைமையாளரின் கடமையாகிறது. அவ்வப்போது எழுதி, வெறும் நீரால் கழுவி, ஒளிபடாத இடத்தில் வைப்பதே பாதுகாப்பின் சுருக்கம்.

வரம்பைத் தானே விதித்துக்கொள்ளும் போக்கு எங்கே சறுக்கும் என்பதை இந்தியா 2009-இல் கண்டது. தண்டி யாத்திரையின் 241 மைல்களைக் குறிக்கும் வகையில் 241 பேனாக்களாக, மகாத்மா காந்தியின் பெயரில் மோன்ப்ளான் ஒரு பதிப்பை வெளியிட்டது. நூற்ற நூலை நினைவூட்டும் பொன்னிழை சுற்றிய அதன் விலை 11 லட்சம் ரூபாய்க்கும் மேல். தலைவர்களின் பெயரையும் உருவத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிக் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு எழ, 2010-இல் விற்பனை நிறுத்தப்பட்டது. அந்தப் பேனாவின் வேலைப்பாட்டில் குறையில்லை. எளிமையைத் தன் வாழ்வின் முறையாகக் கொண்டவரின் பெயரைப் பொன்னில் பொதிந்ததில்தான் பொருத்தம் தவறியது. அந்தக் காந்தியடிகள் தம் கையால் எழுதிய சுதேசிப் பேனாவோ கோதாவரிக் கரையிலுள்ள ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் செய்து அனுப்பியது. அதைப் பாராட்டி அவர் 1935-இல் கடிதமும் எழுதினார். ராஜமுந்திரியிலும், தமிழ்நாட்டில் திருவள்ளூரிலும், எபோனைட் கட்டையைக் கடைசலில் ஒவ்வொன்றாகக் கடைந்து பேனா செய்யும் தொழில் இன்றும் நடைபெறுகிறது. அவற்றின் விலை குறைவு; ஆயினும் கையின் வேகமே எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது என்ற அளவில், அவை மாகி-எ பேனாக்களின் உறவினங்களே.

கொக்கோகாய் குழுவினர் தீட்டிய பேனாக்களில் ஓவியரின் கையொப்பமும் குழுவின் முத்திரையும் உருஷியாலேயே எழுதப்பட்டிருக்கும். பின்னம் பேனாவை மற்றப் பேனாக்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. கையொப்பமோ அந்த வேலைக்குப் பொறுப்பேற்பவரைக் காட்டுகிறது. கையொப்பங்களை வாசிக்கப் பழகிய சேகரிப்பாளர், ஒரே ஓவியரின் வெவ்வேறு காலத்துப் பேனாக்களை அருகருகே வைத்துக் கை முதிர்ந்ததைக் காணவும், ஒரே உருவத்தை இரு ஓவியர்கள் தீட்டியதில் பொன் தூவும் பாங்கு வேறுபடுவதை உணரவும், அந்தத் தேர்ச்சிக்கே பணம் செலவிடவும் கற்றுக்கொள்கிறார். அத்தகையவரின் சேகரிப்பு பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். ஆனால் அவர் தரும் விலையால்தான் அடுத்த தலைமுறையில் ஒருவர் பல ஆண்டுகள் செலவிட்டுத் தூரிகை பிடிக்கக் கற்பது பிழைப்புக்குரிய தொழிலாக நீடிக்கிறது.