யார் பறித்தது என்று கேட்காத இலக்கணம்

'ராமா ஈட்ஸ் எ மேங்கோ' என்பதை 'எ மேங்கோ ஈஸ் ஈட்டன் பை ராமா' என்று மாற்றிப் பழகாமல் தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் குறைவு. ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் பாடம் என்றால் நம் வகுப்பறைகளில் இந்த மாற்றல்தான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலும் அது இரண்டு மதிப்பெண் வினாவாகவே வருகிறது. ஆனால் வாக்கியத்தைப் பிழையில்லாமல் மாற்றும் ஏற்காட்டு மாணவரிடம், உங்கள் ஊரில் காபிக்கொட்டை எப்படித் தயாராகிறது என்று ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் வரிக்கு வரி 'தே, தே' என்றுதான் தொடங்குவார். கற்ற பாசிவ் வாய்ஸ் தேவைப்படும் இடத்தில் கைகொடுப்பதில்லை.

இதற்காக அந்தப் பயிற்சியையே தூக்கி எறியச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் 1894-இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் இருக்கிறது, 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி இருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் குழந்தைக்கு அங்கே சாப்பாட்டுக் கூடத்திலும் விளையாட்டுத் திடலிலும் ஆங்கிலம் காதில் விழும். அதே மலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகும் மலையாளிப் பழங்குடிக் குழந்தைக்கு ஆங்கிலம் அந்த ஒரு பீரியடோடு முடிந்துவிடுகிறது. 'ஈஸ், ஆர், வாஸ், வேர்' காலத்துக்கேற்ப எப்படி மாறும், 'டேக், டுக், டேக்கன்' என்பதில் மூன்றாவது எங்கே வரும் என்பதையெல்லாம் இந்தப் பயிற்சி திரும்பத் திரும்ப எழுத வைத்து மனதில் ஏற்றிவிடுகிறது. விதி தெளிவு, விடை ஒன்று, மதிப்பெண் உறுதி. கேட்டுக் கற்க வழியில்லாத பிள்ளைக்கு இது பெரிய பிடிமானம். இதை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்குகிறவர்கள் அந்தப் பிள்ளையின் நிலையில் நின்று பார்க்க வேண்டும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பாசிவ் என்றாலே கடைசியில் 'பை' போட்டு ஆளைச் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தை இந்தப் பயிற்சி ஊட்டிவிடுகிறது. ஆங்கிலேயர் எழுதுவதும் பேசுவதும் அப்படியில்லை. ஐந்து பாசிவ் வாக்கியங்களில் ஏறத்தாழ நான்கில் செய்தவர் பெயரே இருக்காது என்று ரேண்டால்ஃப் குவர்க் குழுவினரின் இலக்கண நூல் சொல்கிறது. செய்தவர் யார் என்பது தெரியாதபோதும், தேவைப்படாதபோதும் வருவதே அதன் இயல்பு. காபித் தோட்டத்தில் அதைக் கண்ணால் பார்க்கலாம். பழுத்த பழத்தைப் பறித்து, பல்பரில் போட்டுத் தோல் நீக்கி, தொட்டியில் ஊறவிட்டு, வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். இங்கே பேச்சு கொட்டையைப் பற்றியது. 'தி பெர்ரிஸ் ஆர் பிக்ட், பல்ப்ட், வாஷ்ட் அண்ட் ட்ரைட்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். எதற்கும் 'பை' வேண்டாம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதும் இல்லை. 'பறிச்சாச்சு, கழுவியாச்சு, காயப்போட்டாச்சு' என்று ஆளைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்லும் வழக்கம் அதன் வாயிலேயே இருக்கிறது. செயப்படுபொருளே வேலையைச் செய்ததுபோலப் பேசுவது உலக வழக்கில் உண்டு என்று தொல்காப்பியம் அன்றே ஒப்புக்கொண்டது. 'பறிக்கப்பட்டது' என்ற வடிவமோ பெரிதும் எழுத்துக்கு உரியது. 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், ஐரோப்பிய மொழிகளில் உள்ளது போன்ற செயப்பாட்டுவினை திராவிட மொழிகளுக்கு இல்லை என்றே வாதிட்டார். அப்படியிருக்க, வீட்டில் யாரும் பேசாத 'ராமனால் மாம்பழம் உண்ணப்பட்டது' என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்குவது, தெரிந்த வழியை விட்டுவிட்டுச் சுற்றிப் போவது.

இன்னொரு குறை இதைவிடக் கனமானது. ஆளை மறைப்பதால் யாருக்கு நன்மை என்ற கேள்வியை நாம் வகுப்பில் எழுப்புவதே இல்லை. எஸ்டேட் கேட்டுகளில் வழக்கமாகத் தொங்கும் 'ட்ரெஸ்பாஸர்ஸ் வில் பி ப்ராசிக்யூட்டட்' பலகையைப் பாருங்கள். வழக்குப் போடப்போவது யார் என்று அதில் இல்லை. அந்த மிரட்டலுக்கு வலுவே அதனால்தான். வரலாற்றிலும் இப்படித்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்னால் ஏற்காட்டில் காபி அறிமுகப்படுத்தப்பட்டது என்று எழுதுகிறோம். 'பை'க்குப் பிறகு அவர் பெயர் நிற்கிறது. குழி தோண்டியவர்கள், நாற்று நட்டவர்கள், பழம் பறித்தவர்கள் அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை. அதிகாரத்தின் மொழியைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய மலைப் பிள்ளைக்கு இந்தப் பாடம் கிடைத்தே ஆக வேண்டும்.

அதற்காக எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் பக்கம் சாயவும் வேண்டாம். ஆக்டிவ் வாய்ஸில் சொல்ல முடிந்த இடத்தில் ஒருபோதும் பாசிவ் எழுதாதே என்று 1946-இல் ஒரு கட்டுரையில் அவர் விதி வகுத்தார். அந்தக் கட்டுரையிலேயே பாசிவ் வாக்கியங்கள் ஏராளம். அடியோடு விலக்கு என்பதும் இடம் பாராமல் மாற்று என்பதும் ஒரே தவறுதான். எந்த இடத்தில் எது பொருந்தும் என்ற தீர்ப்பை இரண்டுமே மாணவரிடம் விடுவதில்லை.

வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாற்றி எழுதும் வினா இருக்கட்டும், அந்த இரண்டு மதிப்பெண்ணைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டாம். அதோடு, தன் ஊரில் நடக்கும் ஒரு வேலையை ஐந்து வரியில் விளக்கச் சொல்லும் வினா ஒன்றையும் சேருங்கள். ஒரு செய்தி வாக்கியத்தைக் கொடுத்து, இதில் செய்தவர் யார், ஏன் சொல்லப்படவில்லை என்றும் கேளுங்கள். தேர்வில் வந்துவிட்டால் வகுப்பில் தானாக நடத்துவார்கள்.