துப்பறியும் பெட்டி: தாளை எவ்வளவு நம்பலாம்?

கொலைக் கேஸ் ஒன்றின் ஃபைலை அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்பி வைக்கிறார்கள். போலீஸ் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, பேப்பர் கட்டிங், போன் பில், ஓட்டல் ரசீது, சந்தேக நபர்களின் போட்டோ, சங்கேதத்தில் ஒரு கடிதம். பகடையும் இல்லை, காயும் இல்லை. மேஜைமேல் பரப்பி (எங்கள் வீட்டில் பாய்மேல்) யார் செய்தது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். விடை ஒட்டிய உறைக்குள் இருக்கும். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் அரூருக்கே கூரியரில் வந்துவிடுகிறது.

புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 1936-ல் டென்னிஸ் வீட்லி என்ற ஆங்கில நாவலாசிரியர், ஜே. ஜி. லிங்க்ஸ் என்பவர் சொன்ன யோசனையை வைத்து 'மர்டர் ஆஃப் மயாமி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். நாவல் என்று சொல்ல முடியாது. தந்திகள், கையெழுத்துக் கடிதங்கள், போட்டோக்கள், கறைபட்ட திரைச்சீலைத் துண்டு, தீக்குச்சி, தலைமுடி எல்லாம் சேர்த்த ஃபைல் அது. கடைசிப் பக்கங்கள் மூடி ஒட்டப்பட்டிருந்தன. 1939-க்குள் இப்படி நான்கு வந்துவிட்டன. இன்றைய பெட்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, மாதச் சந்தா என்ற வியாபார உத்தியைத் தவிர. 2016-ல் தொடங்கிய 'ஹன்ட் எ கில்லர்' ஒரே கேஸைப் பல பெட்டிகளாகப் பிரித்து மாதம் ஒன்றாக அனுப்பியது. நம்ம ஊர் தொடர்கதை டெக்னிக்தான், 'தொடரும்' போடுகிற இடத்தில் பெட்டி முடியும்.

தமிழில் இதற்கான பாகங்கள் எல்லாமே இருந்தன என்பதுதான் வேடிக்கை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்களுக்குப் பெரிய வாசகர் கூட்டம் இருந்தது. வி.பி.பி.யில் புத்தகம் வரவழைக்கும் பழக்கம் சின்ன ஊர்கள் வரை போயிருந்தது. 1928-ல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ். எஸ். வாசனே அதற்கு முன் தபால் வழி வியாபாரம் செய்தவர்; பிறகு விகடனில் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியவரும் அவர்தான். தபாலும் புதிரும் ஒரே ஆள் கையில்! கொலை ஃபைலாக அதை விற்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை போல.

நாங்கள் ஆடிய பெட்டியின் பெயர் இங்கே வேண்டாம். அமெரிக்காவின் ஏதோ ஒரு சிற்றூரில் நடக்கிற கதை. ஆட உட்கார்ந்தது நாலு பேர்: நான், அண்ணன், அண்ணி, தபால் துறையில் இருந்து ரிட்டயர் ஆன பெரியப்பா. மூன்று ராத்திரி ஆனது.

முதல் ராத்திரி முழுக்கத் தேதியிலேயே போய்விட்டது. ரசீதில் 5/3 என்று இருந்தால் நமக்கு மார்ச் 5. அவர்களுக்கு மே 3. இது தெரிகிற வரைக்கும் செத்த ஆள் செத்ததற்கு அப்புறம் மோட்டலில் ரூம் போட்டிருந்தார். அண்ணி இதை வைத்து ஒரு இரட்டைப் பிறவிக் கதையே கட்டிவிட்டார். உண்மையான விடையைவிட அது நன்றாக இருந்தது.

இரண்டாம் ராத்திரிதான் முக்கியம். பெரியப்பா கடிதத்தைப் படிக்கவே இல்லை, உறையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்பா, இந்த முத்திரை கடிதத்துல இருக்கற தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி விழுந்திருக்கே. எழுதறதுக்கு முன்னாடியே எப்படிப் போஸ்ட் பண்ணான்?" என்றார். அடேயப்பா, பிடித்துவிட்டோம் என்று ஒரு மணி நேரம் அதன் பின்னால் ஓடினோம். கடிதம் பின்னால் எழுதப்பட்ட போலி, ஆகவே எழுதியவர்தான் கொலைகாரர் என்று தீர்மானமே போட்டாயிற்று. கடைசியில் உறையைப் பிரித்துப் பார்த்தால் அந்த முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அச்சடித்தவர்கள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வகையின் அடிப்படைச் சிக்கலே இதுதான் என்று நினைக்கிறேன். இதில் தாளில் இருப்பதெல்லாம் ஒருவர் வேண்டுமென்றே வைத்தது என்று ஒரு சொல்லாத ஒப்பந்தம் இருக்கிறது. அதை நம்பித்தான் நாம் காபிக் கறையைக்கூட முகர்ந்து பார்க்கிறோம். தயாரிப்பவரின் ஒரு கவனக்குறைவு முழு ஒப்பந்தத்தையும் உடைத்துவிடும். அதன்பிறகு கூர்ந்து பார்க்கிறவருக்குத் தண்டனை, மேலோட்டமாகப் பார்க்கிறவருக்குப் பரிசு. பெரியப்பா மூன்றாம் ராத்திரி அரை மனதோடுதான் உட்கார்ந்தார்.

1985-ல் ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருது வாங்கிய 'ஷெர்லாக் ஹோம்ஸ் கன்சல்டிங் டிடெக்டிவ்' இந்த வகையில் உச்சம் என்பார்கள். எழுத்தில் உண்மைதான். ஆனால் அதிலும் ஹோம்ஸைவிடக் குறைந்த இடங்களுக்குப் போய் முடித்தால்தான் மதிப்பெண். ஊர் முழுக்கச் சுற்றி நாலு பேரிடம் பேச ஆசைப்பட்டால் மைனஸ். மதிப்பெண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆடுங்கள் என்பதே என் சிபாரிசு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரூரில் உட்கார்ந்து போலி போலீஸ் ஃபைலைப் புரட்டும்போது பக்கத்தில் இருக்கும் வாச்சாத்தி நினைவுக்கு வராமல் இருக்காது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். யார் செய்தது என்பதில் ஊருக்கு எந்தப் புதிரும் இல்லை. செய்தவர்களும் ஃபைல் எழுதுகிறவர்களும் ஒரே அரசாங்கம் என்பதுதான் அங்கே சிக்கல். உயர் நீதிமன்றம் சொல்லி வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. தர்மபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகள் என்று சொன்னது 2011 செப்டம்பர் 29-ல். அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல்.

அதை விளையாட்டாக்கு என்று சொல்ல வரவில்லை, ஆக்கவும் கூடாது. நான் சொல்வது, இந்தப் பெட்டிகளில் அரசாங்கத் தாள் பொய்யே சொல்லாது என்பதைப் பற்றி. சந்தேக நபர்கள் பொய் சொல்வார்கள், சாட்சி மறைப்பார், ஆனால் ஷெரிஃபின் அறிக்கை மட்டும் கல்வெட்டு மாதிரி நிற்கும். அதை முதலில் சந்தேகப்பட்டது அண்ணிதான். "இதை எழுதினவன் யாரு, அவனுக்கு இதுல என்ன லாபம்னு பாக்க வேணாமா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பெட்டியில் பதிலே இல்லை.

தமிழில் ஒன்று செய்தால் அமெரிக்கப் பெட்டியை மொழிபெயர்த்துப் பிரயோஜனம் இல்லை. அவர்களுடைய சங்கேதம் 26 எழுத்தைத் தள்ளித் தள்ளி மாற்றுவது. நம்முடைய 247-ல் உயிர்மெய்யைப் பிரிப்பதா, அப்படியே தள்ளுவதா என்பதிலேயே புதிர் ஆரம்பித்துவிடும். சித்திரகவியில் திரிபாகி என்று ஒன்று உண்டு. 'பாதிரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் பாரி, பின்னிரண்டு திரி. நடுவில் நின்று பார்த்தால் பாதி என்றும் வரும். மூன்றே எழுத்தில் ஒரு ஆளின் பெயரையே ஒளித்துவிடலாம்.

தாள்களுக்கும் பஞ்சமில்லை. வில்லங்கச் சான்று, சிட்டா, பஞ்சாயத்தார் கையெழுத்துப் போட்ட பிரேத விசாரணை அறிக்கை, வி.ஏ.ஓ. தந்த வாரிசு விவரம், டவுன் பஸ் டிக்கெட். மரவள்ளி லோடு ஏற்றின லாரிக்கு எடைமேடையில் ஒரு சீட்டு தருவார்கள், நேரமும் வண்டி நம்பரும் அதில் இருக்கும். பட்டா மாறிய தேதி ஒன்று, ஆள் செத்த தேதி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் வேண்டியதில்லை. பெரியப்பாவிடம் சொன்னேன். "முத்திரையைச் சரியா அடிக்கச் சொல்லு, நான் வரேன்" என்றார்.