பத்து மைல் நடக்கும் பாத்திரம்

ஒரு பாத்திரத்தை வாசகன் கண்டுகொள்ள அதிகம் சொல்ல வேண்டுமா, கொஞ்சம் சொன்னால் போதுமா என்பது நாவல் எழுதுகிறவர்களிடையே தீராத வழக்கு. உச்சந்தலை முதல் மெட்டி வரை வர்ணித்துவிட்டு, ஆளைக் காணோமே என்று தேட வைக்கிற நாவல்கள் நம்மிடம் ஏராளம். இந்த வழக்கில் நான் எந்தக் கட்சி என்பது என்னைப் படித்திருப்பவர்களுக்குத் தெரியும். என் கட்சிக்கு ஒரு நல்ல சாட்சி அமெரிக்காவில், டிஸ்னி கம்பெனியின் கேளிக்கைப் பூங்காக்களில் இருக்கிறது.

அந்தப் பூங்காக்களில் ஒரு விதி உண்டு. 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே வரக் கூடாது. ஆறு வயதுப் பெண் சிண்ட்ரெல்லாவாக வரலாம். அவள் அம்மா வரக் கூடாது. ஹாலோவீனை ஒட்டித் தனிக் கட்டணத்தில் நடக்கும் இரவுக் கொண்டாட்டங்களில் மட்டும் பெரியவர்களுக்கும் சலுகை. அப்போதும் அவர்கள் முகமூடி அணியக் கூடாது, தரையில் புரளும் அங்கி அணியக் கூடாது. விதியில் நியாயம் இருக்கிறது. கம்பெனியே சம்பளம் கொடுத்து ஒரு சிண்ட்ரெல்லாவை அங்கே வைத்திருக்கிறது. குழந்தைகள் அவளிடம் கையெழுத்து வாங்க வரிசையில் நிற்கின்றன. நாலடி தள்ளி இன்னொரு சிண்ட்ரெல்லா ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நின்றால் குழந்தை யாரை நம்பும்?

இந்த விதிக்குள் அடங்கி நடக்கிற ஒரு பழக்கம் சில வருஷங்களாகப் பரவியிருக்கிறது. 2011இல் லெஸ்லி கே என்ற பெண்மணி, டிஸ்னி பாத்திரங்களின் நிறங்களைச் சாதாரண உடுப்புகளில் சேர்த்துக் காட்ட ஆரம்பித்தார். அதற்கு ‘டிஸ்னிபவுண்ட்’ என்று பெயர் விழுந்தது. டிஸ்னியை நோக்கிப் புறப்பட்டாயிற்று என்று அர்த்தம். 2020இல் இதைப் பற்றி ஒரு புத்தகமும் போட்டார். காரியம் எளிது. நீல மேல்சட்டை, மஞ்சள் பாவாடை, தலையில் ஒரு சிவப்பு ரிப்பன். மூன்றும் எந்தக் கடையிலும் கிடைப்பவை. தெருவில் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பூங்காவின் வாசலைத் தாண்டியதும் ஒரு குழந்தை, “ஸ்னோ ஒயிட்!” என்று கை நீட்டுகிறது.

வேஷம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இது சொல்லாமல் உணர்த்துகிறது. பார்க்கிறவனும் பாதி வேலை செய்தாக வேண்டும். நம் பழைய இலக்கணக்காரர்கள் உள்ளுறை என்று இதைத்தானே சொன்னார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் போகிற வழி அதுதான்.

இந்த உடுப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் சௌகரியம் என்பதை ஒரு சமரசமாகவே பேசுகிறார்கள். அழகு இத்தனை பங்கு, சௌகரியம் இத்தனை பங்கு, இரண்டும் கலந்து ஒரு கஷாயம். இந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. சௌகரியம்தான் இங்கே விமர்சனம். ஆர்லாண்டோவில் உள்ள பெரிய பூங்காக்களில் காலை முதல் இரவு வரை சுற்றினால் எட்டு மைல், பத்து மைல் நடக்கும்படி ஆகும். கோடையில் வெப்பம் 33 டிகிரி. சென்னைக்காரனுக்கு அது பெரிதில்லை, ஆனால் புழுக்கமும் நம்மூர்ப் புழுக்கம்தான். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். இந்தப் பத்து மைலையும் வெயிலையும் மழையையும் தாண்டி எது உடம்பில் தங்குகிறதோ அதுதான் பாத்திரத்தின் சாரம். வழியில் கழற்றி வீச வேண்டியது எதுவோ அது வெறும் ஜரிகை.

முதல் பாடமே காலில்தான் ஆரம்பமாயிற்று. கலிஃபோர்னியாவில் அனஹைம் நகரத்து டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17ஆம் தேதி திறந்தது. அன்று கொளுத்துகிற வெயில். குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு. அவசரமாகப் போட்ட தார் இன்னும் இறுகவில்லை. உயர்ந்த குதிகால் செருப்போடு வந்திருந்த சீமாட்டிகளின் குதிகால்கள் தாரில் புதைந்தன. கற்பனை ராஜ்யத்தின் முதல் பலி குதிகால் செருப்பு! அதன் பிறகும் புதுச் செருப்பை வாங்கி முதல் தடவையாக அங்கே போட்டுக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மூன்று வாரமாவது வீட்டைச் சுற்றி நடந்து பழகிய ஷூ, பையில் இன்னொரு ஜோடி காலுறை. நீரில் நனைக்கிற சவாரிகள் அங்கே உண்டு. ஈரக் காலுறையோடு நடக்கும் கதாநாயகிக்கு முகத்தில் எந்த பாவமும் நிற்காது.

1950இல் வந்த ‘சிண்ட்ரெல்லா’ படத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வேறு எவர் காலுக்கும் பொருந்தாத செருப்பு இவள் காலுக்குப் பொருந்துகிறது என்பதுதான் கதை. ஆனால் படம் முழுவதும் அவள் காலிலிருந்து செருப்பு கழன்றுகொண்டே இருக்கிறது. காலையில் பலகாரத் தட்டுகளைச் சுமந்து மாடி ஏறும்போது ஒரு தடவை. நடுராத்திரி ஓட்டத்தில் ஒரு தடவை. கல்யாணத்தன்று படியிறங்கும்போது மறுபடியும் ஒரு தடவை! வரைந்தவர்கள் இதை வேடிக்கையாகத்தான் செய்திருக்க வேண்டும். எனக்கு என்னவோ அவள் மாமியார் வீட்டுக்கும் சரியான அளவுச் செருப்பு இல்லாமலே போகிறாள் என்று தோன்றுகிறது.

வரைந்த உடுப்புக்குக் கனம் கிடையாது, வேர்க்காது. ஹெலன் ஸ்டான்லி என்ற நடிகையை உடுத்தி நடக்கவும் ஆடவும் விட்டு, அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டுதான் சிண்ட்ரெல்லாவை வரைந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது ஸ்டூடியோத் தரை. அவள் டிக்கெட் வரிசையில் நிற்கவில்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் நடனத்துக்குப் போகும் சிண்ட்ரெல்லாவின் கவுன் வெள்ளியோடிய வெள்ளை. பின்னால் பொம்மைகளிலும் பெட்டிகளிலும் பென்சில் டப்பாக்களிலும் அது நீலமாகிவிட்டது. இன்றைக்கு வெள்ளி நிறத்தில் பாவாடை உடுத்திப் போனால் யாருக்கும் அடையாளம் தெரியாது; நீலத்தில் போனால் தெரியும். மூலத்துக்கு விசுவாசமாக இருப்பதா, சந்தைக்கா? மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பழகிய சங்கடம் இது. நான் வெள்ளியைத்தான் சொல்லுவேன். நாலு பேர் கண்டுகொண்டால் போதும். கம்பெனிக் கடைகளில் இந்தக் குறிப்புகளை எல்லாம் ஒன்றாகத் தைத்துத் தயாராக விற்கிற சட்டைகளும் உண்டு. அவற்றைப் போட்டுக்கொண்டவரைப் பார்த்தால் பாத்திரம் தெரிவதில்லை, விலைச் சீட்டுதான் தெரிகிறது.

ஆலிஸ் விஷயம் இன்னும் சுவாரசியமானது. லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட புத்தகத்தில் அவள் உடுப்பைப் பற்றிக் கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்லவில்லை. டென்னியல் போட்ட படங்கள் கறுப்பு வெள்ளை. 1890இல் சிறு குழந்தைகளுக்காக வர்ணத்தில் வந்த பதிப்பில் அவள் கவுன் மஞ்சள். நாம் ஆலிஸ் என்றதும் நினைக்கிற நீலத்தை மனசில் நிலைநாட்டியது டிஸ்னியின் 1951ஆம் வருஷத்துப் படம். ஆனால் கரோல் ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்லியிருக்கிறார்: அவளுக்குப் பாக்கெட் உண்டு. ஓட்டப் பந்தயம் முடிந்து எல்லாரும் பரிசு கேட்கும்போது அதில் கையை விட்டு மிட்டாய்ப் பெட்டியையும் தையல் விரலுறையையும் எடுக்கிறாள். ஆகவே ஆலிஸாகப் போக விரும்புகிறவள் எந்த நிறத்தை உடுத்தினாலும் சரி, பாக்கெட் வைத்த பாவாடை உடுத்தட்டும். டெலிபோனும் தலைவலி மாத்திரையும் வைத்துக்கொள்ள இடமாயிற்று, மூலத்துக்கும் துரோகமில்லை.

பெல் என்ற பெண்ணைப் பற்றியும் இப்படிச் சொல்லலாம். 1991இல் வந்த ‘ப்யூட்டி அண்ட் த பீஸ்ட்’ படத்தில் அந்தக் கிராமத்திலேயே நீலம் உடுத்துகிறவள் அவள் ஒருத்திதான். ஊரோடு ஒட்டாதவள் என்பதை ஒரு வசனம் இல்லாமல் நிறமே சொல்லிவிடுகிறது. நல்ல நாவலாசிரியன் செய்கிற வேலை. 2017இல் அதை மனிதர்களை வைத்துத் திரும்ப எடுத்தபோது எம்மா வாட்ஸன் இடுப்பை இறுக்கும் உள்கச்சு வேண்டாம் என்றார். மெல்லிய செருப்புக்குப் பதிலாக பூட்ஸ், இடுப்பில் பைகள். பாத்திரம் கெட்டுப்போகவில்லை. நீலம் இருந்தது, புத்தகம் இருந்தது, போதும்.

இந்தச் சோதனையில் தோற்பவள் ‘ஸ்லீப்பிங் ப்யூட்டி’யின் அரோரா. 1959இல் வந்த அந்தப் படம் பார்க்க மிக அழகானது. ஆனால் கதாநாயகி திரையில் இருப்பது இருபது நிமிஷத்துக்கும் குறைவு. பிற்பாதியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் கவுன் சிவப்போரோஜாவா நீலமா என்று தேவதைகள் கடைசிக் காட்சி வரை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கவுனைக் கழற்றினால் மிச்சம் ஒன்றுமில்லை. வின்னி த பூ கரடியோ 1926ஆம் வருஷத்துப் புத்தகத்தில் பெரும்பாலும் சட்டையே இல்லாமல் திரிகிறது. சிவப்புச் சட்டை 1932இல் வியாபாரத்துக்காக வந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சட்டையோடு ஒரு தேன் நிற நிஜார் போதும்; தொந்தி இருந்தால் இன்னும் விசேஷம். நடுத்தர வயது ஆண்பிள்ளைகளுக்கு இதைவிடச் சௌகரியமான இதிகாச புருஷன் கிடைக்க மாட்டான்.

என் தங்கை பெண் ஃப்ளோரிடாவில் டாம்பா நகரத்தில் குடும்பமாக இருக்கிறாள். போன வருஷம் ஆர்லாண்டோ போவதற்கு மூன்று நாள் உடுப்புத் திட்டம் ஒன்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதி எனக்கு அனுப்பியிருந்தாள். “மாமா, நீங்கள் கதையை வெட்டுகிற மாதிரி இதையும் வெட்டிக் கொடுங்கள்” என்று கீழே ஒரு வரி. முதல் நாள் பெல்; நீலக் குர்த்தா, உரசலுக்குப் பாவாடைக்குள் அரைக்கால் சட்டை என்று எல்லாம் யோசித்திருந்தாள். கை வைக்கவில்லை. இரண்டாம் நாள் ‘ஃப்ரோஸன்’ படத்து எல்ஸா. அதில் மின்னும் மேலங்கி, மின்னும் கையுறை, மின்னும் நகப்பூச்சு என்று ஏழு சாமான். எல்லாவற்றையும் அடித்துவிட்டு, வெளிர்நீலச் சட்டையும் இடது தோளில் முன்னால் விட்ட ஒற்றைப் பின்னலும் என்று எழுதி அனுப்பினேன். கறுத்த பின்னலாக இருக்கிறதே என்றாள். இருக்கட்டும் என்றேன்.

திட்டத்தில் அவள் அம்மாவுக்கு இடமில்லை. என் தங்கைக்கு வயது அறுபத்திரண்டு, முழங்காலில் வலி. “எனக்கு எதுக்குடி இதெல்லாம்? நீங்க சுத்துங்கோ, நான் பையைப் பார்த்துண்டு பெஞ்சிலே உட்கார்ந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டாளாம். எனக்கு அது உறுத்தியது. டிஸ்னி கதைகளில் ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு என்ன பாத்திரம் இருக்கிறது? வெகுகாலம் வரை சூனியக்காரி, சித்தி, அல்லது மந்திரக்கோல் வைத்திருக்கிற தேவதை. ‘மோவானா’வின் பாட்டி 2016இல்தான் வருகிறாள், ‘என்கான்டோ’வின் பாட்டி 2021இல். அதற்கு முன்னால் கிழவிகள் ஆப்பிள் விற்றார்கள்.

இருப்பதற்குள் பார்த்தேன். சிண்ட்ரெல்லாவின் தேவதையம்மாவுக்குச் சாம்பல் பூத்த நீல அங்கி, உள்ளே ரோஜா நிறம், கழுத்தில் ரோஜா நிற ரிப்பன். தங்கையின் பெட்டியில் சாம்பல் நீலச் சுங்கடிப் புடவை ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். ரோஜா நிற ரவிக்கை இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னேன். இருந்தது. நாற்பது வருஷமாக அவள் நடந்து பழகிய உடுப்பு. பாத்திரத்துக்காக அவள் ஒரு நூலைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நகரும் படிகளில் சிக்காமலிருக்கப் புடவையை இரண்டு விரற்கடை தூக்கிக் கட்டச் சொன்னேன். கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கச் சொன்னேன். புடவைக்கு ஷூவா என்று இரண்டு நாள் தகராறு நடந்து அதுவும் முடிந்தது.

முந்தின இரவு படத்தைப் போட்டுக் காட்டினார்களாம். தேவதையம்மா மந்திரக்கோலை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தேடுகிற இடத்தில் தங்கை, “நான் மூக்குக் கண்ணாடியைத் தேடற மாதிரின்னா தேடறா” என்றாளாம். அதற்கு அப்புறம் அவளை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. பெஞ்சில் உட்காரத்தான் உட்கார்ந்தாள், ஆனால் மத்தியானத்துக்கு மேல்தான். அப்போது சக்கர நாற்காலியில் வந்த ஒரு அமெரிக்கக் கிழவி இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எனக்கும் ஒரு வண்டி பண்ணிக் கொடுப்பாயா?” என்று கேட்டாளாம். தங்கைக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. கையால் உருண்டையாகக் காட்டி, “பம்ப்கின் கொண்டு வா” என்றாளாம்.

ஊருக்குத் திரும்பும்போது பூங்காவிலிருந்து எதுவும் வாங்கிவரவில்லை. அந்த ஷூ மட்டும் கூட வந்திருக்கிறது. காலையில் கோயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறாள். வாசலில் விட்டால் யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பிரதட்சிணத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறாளாம்.