மூவரும் சமம் என்ற பேச்சு

ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் ஒன்றைச் சொல்வார்கள்: பியானோவுக்குப் பின்னால் பாஸும் டிரம்ஸும் தாளம் காத்து நின்ற வழக்கத்தை ஒழித்து, மூன்று வாத்தியங்களையும் சமமாக்கிய குழு அது. 1959 இறுதியில் நியூயார்க்கில் ஸ்காட் லஃபாரோ பாஸுடனும் பால் மோஷியன் டிரம்ஸுடனும் எவன்ஸோடு சேர்ந்தார்கள். அந்த டிசம்பர் 28 அன்று பதிவான முதல் இசைத்தட்டு 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்'. அதிலுள்ள 'ஆட்டம் லீவ்ஸ்' இந்தப் பேச்சுக்கு நல்ல சான்றுதான். மெட்டு முடிந்ததும் பாஸ் அடி எண்ணுவதை விட்டு ஒரு சங்கதியை வீசுகிறது, பியானோ அதைப் பிடித்துத் திருப்புகிறது, யார் முன்னே யார் பின்னே என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் அதே பாட்டில் எவன்ஸின் தனி சூடு பிடித்ததும் லஃபாரோ அடிக்கு ஒரு ஸ்வரமாகப் பழையபடி நடக்கத் தொடங்கிவிடுகிறார். உரையாடல் ஒரு பகுதிதான்; அதற்கு எல்லை உண்டு.

அந்த எல்லையை வகுத்தவர் எவன்ஸ். பெரும்பாலான உருப்படிகள் அவர் இசைவுகளை மாற்றியமைத்த பழைய பாட்டுகள். லஃபாரோவின் சொந்த மெட்டுகள் தட்டில் ஏறியது 1961இல்தான். ஆகவே வாசிப்பில் இருந்த சமத்துவம் முடிவெடுப்பதில் இல்லை. இடது கையைக் குறைத்து, கீழ்ச் சுருதியைப் பாஸுக்கு விட்டுவைத்தது தலைவர் மனமுவந்து கொடுத்த இடம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொடுப்பவர் இல்லாமல் அந்த ஒலி பிறந்திருக்காது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மனோதர்மம் செய்தால் வருவது பெரும்பாலும் நெரிசல்தான். இவர்களின் 'எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்' தட்டில்கூட லஃபாரோவின் வேகம் சில இடங்களில் பாட்டை மீறிப் போவதாகவே எனக்குப் படுகிறது.

இவர்களின் 'சண்டே அட் த வில்லேஜ் வேங்கார்ட்' தட்டு இதை மறுக்கிறதே என்று கேட்கலாம். அந்தத் தட்டு லஃபாரோவின் 'குளோரியாஸ் ஸ்டெப்' பாட்டில் தொடங்கி அவருடைய 'ஜேட் விஷன்ஸ்' பாட்டில் முடிகிறது. நெடுகப் பாஸ்தான் முன்னால் நிற்கிறது. ஆனால் அது தொகுக்கப்பட்ட விதத்தையும் பார்க்க வேண்டும். 1961 ஜூன் 25, ஞாயிறு, ஒரே நாளில் ஐந்து அமர்வுகள் பதிவாயின. ஜூலை 6 அன்று லஃபாரோ 25 வயதில் கார் விபத்தில் இறந்தார். அவரை முன்னிறுத்தும்படியே எவன்ஸும் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸும் தட்டுக்கான பாட்டுகளைப் பொறுக்கினார்கள். அது அஞ்சலி, அஞ்சலி எடைபோட்டுக் கொடுக்காது. அதே நாளின் மிச்சத்திலிருந்து வந்த 'வால்ட்ஸ் ஃபார் டெபி' வேறு படம் காட்டுகிறது. அதன் முதல் பாட்டான 'மை ஃபூலிஷ் ஹார்ட்'டில் பாஸ் ஆழமான சில ஸ்வரங்களோடு நின்றுவிடுகிறது, மோஷியனின் பிரஷ்கள் தோலில் உரசிக்கொண்டே இருக்கின்றன, பியானோ பாடுகிறது. 2005இல் ஐந்து அமர்வுகளும் வரிசையாக வெளிவந்தபின் இரண்டு படங்களையும் ஒட்டிப் பார்க்க முடிகிறது: இவர்கள் எப்போதும் சமமாக இல்லை, பாட்டுக்குப் பாட்டு பங்கைப் பேரம் பேசிக்கொண்டார்கள். என் காதுக்கு 'மை ஃபூலிஷ் ஹார்ட்'டே இந்த முறையின் பெரிய வெற்றி. எங்கும் பாயக்கூடிய கை வேண்டுமென்றே அடங்கி நிற்பது பக்கவாத்தியப் பணிவிலிருந்து வேறானது. அதிகம் பேசப்படாத மோஷியனுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு; அடியைத் தட்டிக் காட்டாமலே அது நழுவாமல் வைத்தவர் அவர்.

முறையின் உண்மையான பலவீனம் அது ஆட்களைச் சார்ந்திருந்ததுதான். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் ரிவர்சைடு நிறுவனத்துக்காக இவர்கள் பதிவு செய்தது மூன்றே நாள். இடையில் லஃபாரோ ஆர்னெட் கோல்மனோடும் ஸ்டான் கெட்ஸோடும் வாசித்தார். லஃபாரோ இறந்ததும் எவன்ஸ் மாதக்கணக்கில் மேடையேறவில்லை. பின்னர் பாஸுக்குச் சக் இஸ்ரேல்ஸ் வந்தபோது வாசிப்பு சீரானது, பாஸும் தன் பழைய இடத்துக்குப் பாதி திரும்பியது. அடுத்த பாஸ்காரர் எடி கோமஸ் 11 ஆண்டுகள் உடன் இருந்தாரே, முறை கைமாறவில்லையா என்றால், கைமாறியது கோமஸின் அபார வேகத்துக்கு ஏற்ற வேறொன்று: பியானோ தனி, பிறகு பாஸ் தனி என்று முறைவைத்துப் பேசும் பழக்கம் அதில் கூடியது. 1978க்குப் பிறகு பாஸில் மார்க் ஜான்சன், டிரம்ஸில் ஜோ லபார்பெரா இருவரோடும்தான் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடும் அந்தப் பழைய துணிச்சல் எவன்ஸிடம் மீண்டும் கேட்கிறது.