வைரம் என்னும் உவமையும் மலையக இலக்கிய விமர்சனமும்

மலையகப் புனைகதைகளில் வரும் தோட்டத் தொழிலாளியை ‘வைரம் பாய்ந்த உள்ளத்தினன்’ எனப் போற்றும் வழக்கொன்று உண்டு. மரத்தின் வலிய உட்பகுதியையும் மணியையும் ஒருங்கே சுட்டும் ‘வைரம்’ என்னும் சொல், புறச்சூழலால் மாறாத உட்சாரம் ஒன்றைக் கற்பிதஞ் செய்கிறது. இக்கற்பிதத்தை நாம் ஐயுறுதல் வேண்டும். உவமானமாகிய வைரமே அதற்குச் சான்று பகரவில்லை.

தூய வைரம் ஒரு மின்காவலி. ஒவ்வொரு காபன் அணுவும் அயலணுக்கள் நான்குடன் இறுகப் பிணைந்திருத்தலால், மின்னைக் கொண்டுசெல்ல இலத்திரன்கள் எளிதில் விடுபடுவதில்லை. அதற்கு ஏறத்தாழ 5.5 இலத்திரன்வோல்ற்றுச் சக்தி வேண்டும், சிலிக்கனுக்கோ 1.1 போதும். ஆனால், மில்லிமீற்றரின் பத்து இலட்சத்திலொரு பங்காகிய நனோமீற்றர் அளவில் நிலைமை வேறு. சில நனோமீற்றர் பருமனுள்ள மணிகளாலான வைரப்படலத்தில் நைதரசன் சேர்க்கப்படின் மின்கடத்துதிறன் பன்மடங்கு பெருகுகிறது. மின்னோட்டம் பெரிதும் மணிகளின் உள்ளே அன்றி, மணியும் மணியும் சந்திக்கும் எல்லைகள் வழியே செல்கிறது. மேற்பரப்பில் ஐதரசன் பிணைந்த வைரமும் காற்றுப்பட மின் கடத்தும். போரன் செறிந்த வைரம் கடுங்குளிரில் மீகடத்தியாதல் 2004இல் அறியப்பட்டது.

வைரத்தின் பெறுமதியும் கல்லினுள் உறைவதன்று. அதனைக் கண்டெடுக்கச் சராசரியாகச் செலவாகும் உழைப்பே அதனை நிர்ணயிக்கிறது என மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ முதற் பாகத்திற் காட்டினார்.

இயற்கை விஞ்ஞான விதியைச் சமூகத்தின்மீது அப்படியே ஏற்றுதல் பொறிமுறைவாதமாகும். நாம் கூறுவது அதுவன்று. உவமையை ஆண்டோர் உவமானத்தின் இயல்பை நோக்கவில்லை. அதனாற் பாத்திரத்தின் இயல்பையும் தவறவிட்டனர் என்பதே நம் வாதம்.

பதுளைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வெளிவந்தது. இத்தகைய நாவலை அணுகுவோர் நெஞ்சுறுதியை மட்டும் வியந்து நிற்பின், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும், துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என இறங்கிவந்த அதிகாரப் படிநிலையும் வெறும் பின்னணியாகச் சுருங்கிவிடும். தொழிலாளியின் பொறுமையும் சீற்றமும் இவ்வுறவுகளிலேயே உருவாயின. அவற்றைப் பிறவிக் குணமாக்குவது விமர்சனமாகாது. ‘எதையும் தாங்குவான்’ என்னும் பாராட்டு, லயத்து வாழ்வைத் தாங்கவைத்தோருக்கே வாய்ப்பாக அமையும்.